நோட்டீஸில் அச்சான தனிப்பாடல்

என் மனைவிக்குக் குரல் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கிசுகிசுப்பாகப் பேசினார்கள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்டது. மே மாத விடுமுறையில் கழுத்திலிருந்த தைராய்டு கட்டியை எடுத்தபோது குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று அடிபட்டுவிட்டது. அவ்வளவுதான். அவள் வாயைத் திறந்தால் சத்தம் வராது, சொல்லின் வடிவத்தில் காற்று வரும். அதைக் கேட்டதும் வந்தவர்களும் தங்கள் குரலை இறக்கிவிடுவார்கள். சாப்பிட்டாயா என்பதைக்கூட ஏதோ களவுக்குத் திட்டம் போடுவதுபோலக் கேட்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, அவள் அந்த அறையிலேயே இல்லை என்பதுபோல, முழுக் குரலில், "எப்பம் சரியாவும்னு சொல்லுதாவ?" என்பார்கள்.

போகும்போது மேசைமேல் ஒரு பை ஆரஞ்சு. இருவர் மட்டும் இருக்கிற வீட்டில் அத்தனை ஆரஞ்சை யார் தின்பது? அடியில் கிடந்தவை பச்சைப் பூசணம் பிடித்து அமுங்கின. சின்ன ஈக்கள் வந்தன. பழத்தை எடுத்தால் விரல் உள்ளே போனது. ஜூன் மாதம் முழுக்க எங்கள் கூடத்தில் அந்தப் புளித்த வாடைதான் இருந்தது. நலம் விசாரிப்பது என்றால் எனக்கு இன்றைக்கும் மூக்கில் வருவது அதுதான்.

எப்போது சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை. திருநெல்வேலியில் அறுவை செய்த மருத்துவர் சிக்கனமாகப் பேசுகிறவர். நரம்பு அறுபடவில்லை, மரத்துப்போயிருக்கிறது, சில மாதங்களில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். நான் நாளிதழ் ஒன்றில் பல வருடம் செய்தியாளனாகவும் பிறகு உதவி ஆசிரியனாகவும் இருந்தவன். இப்படி ஒரு வாக்கியம் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு அப்போது வேலை இல்லை. பதிப்பைச் சுருக்குகிறோம் என்று சொல்லி எங்களில் பலரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தென்காசியில் எங்கள் வீடு அவளுடைய பள்ளிக்கூட வேலையில் நடந்தது. தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. குரல் இல்லாமல் மூன்றாம் வகுப்புக்குள் போக முடியாது. காலாண்டு விடுமுறை முடியும்வரை பார்க்கலாம், குரல் வந்தால் டீச்சர் வகுப்புக்கு வரட்டும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. வராவிட்டால் என்ன என்பதை அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் பாடுகிறவள். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆனாலும் பெரிய வெள்ளி ஆனாலும் தனிப்பாடல் அவளுடையது. ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். நான் கடைசி வரிசையில் உட்காருகிறவன், அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

அவள் கலங்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். சமையலறையில் தாளிக்கும்போது தலையை ஆட்டிக்கொண்டு வாயசைப்பாள். பால்காரரிடம் சைகையில் கேலி செய்வாள். சிரித்தால் குழாயில் தண்ணீர் வருவதற்குமுன் காற்று வருமே, அப்படி ஒரு ஓசை. நான் கழுத்தை நீட்டி அவள் வாயருகே காதைக் கொண்டுபோனால், முக்கியமான ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தால், எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது என்பாள்.

ஜூலையில் பெண்கள் ஐக்கியச் சங்கத்திலிருந்து ஜெபிக்க வந்தார்கள். தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சபையில் எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர அந்தக் குரலிலிருந்து பெறவில்லை. அவர் ஒருவர்தான் எங்கள் வீட்டில் கிசுகிசுக்காதவர். அந்த வகையில் நான் அவரை மதிக்க வேண்டும். ஆனால் கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்தார். எருசலேம் போய்விட்டு வந்தபோது வாங்கிய ஒலிவ எண்ணெய். எந்த வருடம் போனார் என்பது எனக்குத் தெரியும், அந்தப் பயணச் செய்தியைப் போட்டவனே நான்தான். எண்ணெய் காறிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததும் பழைய வடைச்சட்டி வாடை அடித்தது.

தையல் போட்ட இடத்தில் ஒன்றும் தடவக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"டாக்டர் தைச்சாரு, தம்பி. கொணமாக்குதது யாரு?" என்று கேட்டுக்கொண்டே, சிவந்து தடித்திருந்த அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். எண்ணெய் வழிந்து ரவிக்கைக் கழுத்தில் இறங்கியது. கூட வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் போட்டார்கள். ஜெபம் என்று சொல்லமாட்டேன். இன்றே, இப்போதே, இந்த நிமிஷமே என்று மேலே இருப்பவருக்கு உத்தரவு போட்டார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு போய் நிற்பவர்கள்கூட இதைவிட மரியாதையாகப் பேசுவார்கள்.

நான் கடவுளை நம்புகிறவன். அதை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது தப்பாகப் படும். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. வேலையில் இருந்தபோது சனி இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்தும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவரிடம் எதையும் நேராகக் கேட்க எனக்கு வாய் வராது. மற்றவர்கள் கேட்பதைக் காதில் வாங்குவதே எனக்கு அருவருப்பு. அந்த மாதங்களில் எனக்குள் இருந்ததில் பாதி பயம் என்று இப்போது தெரிகிறது. பயத்தைவிட அருவருப்பு வசதியானது. அதை வைத்துக்கொண்டு நேராக நடமாடலாம்.

அவர்கள் போன பிறகு அவள் பஞ்சால் கழுத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டுப் பஞ்சை என் மூக்கருகே நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பியதும் அந்தக் காற்றுச் சிரிப்பு.

ஆகஸ்டில் எங்கள் ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகை வரும். அன்றைக்கு அசனம். சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிடுகிற விருந்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். பண்டிகைக்கு ஒரு நோட்டீஸ் அடிப்பார்கள். நான் பத்திரிகைக்காரன் என்பதால் பிழை பார்க்க வருடா வருடம் என்னிடம் வரும். இந்த முறை அச்சகத்திலிருந்து போனில் அனுப்பினார்கள். ஆராதனை நிரலில் பிரசங்கத்துக்குமுன் ஒரு வரி இருந்தது. தனிப்பாடல், அதற்குக் கீழே பாட்டின் முதல் அடி, அதற்குக் கீழே என் மனைவியின் பெயர்.

தவறுதலாகப் போன வருட வரி தங்கிவிட்டது என்று நினைத்து அதை எடுத்துவிடச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அச்சான நோட்டீஸ் கட்டாக ஆலயத்துக்கு வந்தது. ரோஸ் நிறத் தாள். அந்த வரி அப்படியே இருந்தது, முன்னைவிடத் தடித்த எழுத்தில். பெயருக்குமுன் இரண்டு சொல் கூடியிருந்தது: அற்புத சுகம்பெற்ற.

நாளைக்கு நடக்க வேண்டியதை நேற்று நடந்ததாக அச்சிட்டிருந்தார்கள். என் தொழிலில் இப்படிச் செய்தால் ஆளை மாற்றிவிடுவார்கள். விசாரித்தேன். டீச்சரம்மா அச்சகத்துக்குப் போன் செய்து, பிழை பார்த்தவர் தெரியாமல் எடுத்துவிட்டார், திரும்பப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு நிதானமாக விளக்கினார். சுகம் கிடைத்துவிட்டது என்று முதலில் அறிக்கை செய்ய வேண்டும், அந்த விசுவாசத்தைப் பார்த்துத்தான் ஆண்டவர் தருவார். எல்லாவற்றையும் அச்சடித்துவிட்டால் அவருக்கும் வேறு வழியில்லை என்பதுபோல இருந்தது பேச்சு.

"வாங்கின பொறவு நன்றி சொன்னா அதுக்குப் பேரு விசுவாசமா, தம்பி? வாங்கும் முன்ன சொல்லணும்."

வராமல் போனால் அத்தனை பேர் நடுவில் அவள்தானே நிற்பாள் என்றேன்.

"இதுதான். இந்தப் பேச்சுதான் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்று அழைப்போம். ஐயரிடமும் போனேன். நல்லவர், சின்ன வயது, புதிதாக மாற்றலாகி வந்தவர். டீச்சரம்மாவின் எண்ணம் நல்ல எண்ணம் என்றார். நோட்டீஸ் சுரண்டை, வீரகேரளம்புதூர் வரைக்கும் போய்விட்டது என்றார். நானும் ஜெபித்துக்கொள்கிறேன் என்றார். நல்லவர்களிடம் எதையும் நிறுத்தச் சொல்ல முடியாது.

நோட்டீஸை அவளிடம் கொடுத்தேன். நின்றபடி படித்தாள். 'சுகம்பெற்ற' என்ற இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். நீ போக வேண்டாம், காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றேன். தலையை ஆட்டினாள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நிக்கேன். வந்தா பாடுதேன். வரலைன்னா எறங்கிருதேன்."

அவ்வளவு சுலபமாக. எனக்கு அவள் மேலேயே வெறுப்பு வந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆலயத்துப் பின்பக்கம் தகரக் கொட்டகையில் பெண்கள் சேர்ந்து கத்தரிக்காய் வெட்டினார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தரையெல்லாம் மிதிபட்ட சேறு, அதில் காம்பும் புழு அரித்த துண்டுகளும். புழுக் காயைத் தூர எறிய வேண்டியதுதான், ஆனால் சிலர் அந்தத் துண்டை மட்டும் கிள்ளிவிட்டு மீதியை அண்டாவுக்குள் போட்டார்கள். அண்டாவைக் கழுவிய தண்ணீர் கால்களுக்கிடையில் ஓடியது. ஒரு மூலையில் ஆட்டுத் தோல்கள், அதன்மேல் ஈ. அவள் அவர்கள் நடுவில் உட்கார்ந்து வெட்டினாள். பேச முடியாததால் எல்லோரும் அவளிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள், குறுக்கே பேசாத ஆள் கிடைத்த சந்தோஷத்தில். அவளுடைய அக்கா தூத்துக்குடியிலிருந்து பண்டிகைக்கென்று வந்திருந்தாள். தங்கை பாடப்போகிறாள் என்று நோட்டீஸைப் பார்த்து நம்பிக்கொண்டு வந்தவள். பஸ்ஸிலிருந்து இறங்கி, தங்கை "வாக்கா" என்று காற்றாகச் சொன்னதும் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

காலையில் ஆலயம் நிறைந்துவிட்டது. வாசலில் பந்தல், பந்தலிலும் ஆள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து. அவள் எழுந்து போய் மைக்குக்கு முன்னால் நின்றாள். கீபோர்டில் முன்னிசை வந்தது. அவள் மூச்சை இழுப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. வாயைத் திறந்தாள்.

மைக்கில் காற்று மட்டும் வந்தது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவைப்போலக் கரகரவென்று ஓர் ஓசை, நடுவில் எங்கோ தொண்டை பிடித்ததுபோல ஒரு விக்கல். கீபோர்டு வாசித்தவர் நிறுத்திவிட்டு முன்னிசையை மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசித்தார். மறுபடி அவள் திறந்தாள். மறுபடி அதுவே. முன்வரிசையிலிருந்து டீச்சரம்மா கையை உயர்த்தி விசுவாசி, விசுவாசி என்று அவளை ஏவினார். நான்கைந்து பேர் ஸ்தோத்திரம் என்று கத்தினார்கள். பல பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் திரையில் அவள் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் நரம்பு புடைப்பது அதில் தெரிந்தது. விபத்து நடந்த இடங்களில் இப்படிப் பலர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் ஸ்தோத்திரம் சொன்னதில்லை.

மூன்றாவது முறை முன்னிசை தொடங்கியபோது அவள் கீபோர்டுக்காரரைப் பார்த்துக் கைகாட்டி நிறுத்தினாள். சபையைப் பார்த்துக் கும்பிட்டாள். இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

டீச்சரம்மா மைக்கைக் கேட்டு வாங்கினார். ஆண்டவர் தர ஆயத்தமாக இருக்கிறார், ஆனால் ஒரு வீட்டில் ஒருத்தருக்கு அவிசுவாசம் இருந்தாலும் ஆசீர்வாதம் வாசலில் நின்றுவிடும் என்றார். பெயர் சொல்லவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தார். அவரோடு இன்னும் பல தலைகள் திரும்பின.

அசனப் பந்தியில் அவரே கறி வாளியோடு வந்தார். என் இலைக்கு வந்தபோது கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கிளறி, நல்ல துண்டாகப் பார்த்து, மற்றவர்களுக்கு வைத்ததைவிட அதிகமாக வைத்தார். "நல்லா சாப்பிடுங்க, தம்பி. மெலிஞ்சுட்டிய" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குழம்பின்மேல் எண்ணெய் உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. என்னால் ஒரு வாய்க்குமேல் இறக்க முடியவில்லை. எதிர்ப் பந்தியில் என் மனைவி இரண்டாவது தடவை சோறு கேட்டுக் கையைத் தூக்கினாள்.

மறுநாள் குற்றாலம் போகலாம் என்றாள் அக்கா. அருவித் தண்ணீர் பிடரியில் விழுந்தால் நரம்பு தளர்ந்து சரியாகிவிடும், தூத்துக்குடியில் ஒருத்தருக்கு அப்படித்தான் வாய் கோணலே நிமிர்ந்தது என்றாள். எண்ணெய்க்குப் பிறகு இப்போது தண்ணீர். என் மனைவி அதற்குள் துண்டை எடுத்துப் பையில் வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் அக்கா போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சபை குரூப்பில் வீடியோ வந்திருந்தது. யாரோ அதற்கு அடியில் அழுகிற முகங்களும் கும்பிடும் கைகளும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அக்கா அதைத் தங்கைக்குக் காட்டாமல் எனக்குக் காட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சீசனில் உள்ளூர்க்காரர்கள் மெயின் அருவிக்குப் போகக் கூடாது. போனோம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே தொடங்கிவிட்டது. பலாச் சக்கை, ரம்புட்டான் தோல், மக்காச்சோளக் கட்டை, அதைக் கிளறும் குரங்குகள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்ற பலகைக்குக் கீழேயே ஷாம்பு உறைகள் இலைச்சருகுபோல ஒட்டிக் கிடந்தன. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள் தொட்டுத் தொட்டுக் கைப்பிடிக் கம்பி முழுக்கப் பிசுபிசுப்பு. யாரோ கழற்றிப் போட்ட உள்ளாடை அந்தக் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. வெறும் வயிற்றோடு ஈரத்தில் நடுங்கிக்கொண்டு ஆண்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள், இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல். அவர்கள் தோளில் இருந்த எண்ணெய் என் சட்டையில் ஒட்டியது.

பெண்கள் குளிக்கும் பக்கம் தனி. அக்காவும் அவளும் வரிசையில் போனார்கள். நான் குளிக்கவில்லை. பைகளையும் மூன்று ஜோடிச் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு ஒரு சுவரோரம் நின்றேன். நின்ற பிறகுதான் பார்த்தேன், ஓரடி தள்ளி யாரோ குடித்ததை வாந்தி எடுத்துவைத்திருந்தார். வேறு இடம் இல்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். சாரல் முகத்தில் விழுந்தது. மலையையோ அருவியையோ நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தின நாள் திரும்பிய தலைகள் ஒவ்வொன்றையும் நினைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டிருந்தேன். நல்ல வாக்கியங்கள். ஒன்றுகூட அச்சில் போட முடியாதது.

நெடுநேரம் கழித்து அவள் வந்தாள். உதடு நீலம் பாய்ந்து பல் தந்தியடித்தது. சேலை உடம்போடு ஒட்டி, முடி முகமெல்லாம் பரவி, கண் சிவந்திருந்தது. அக்கா உடை மாற்றும் அறைக்குப் போயிருந்தாள். அவள் என் முகத்தையும் கைக்குட்டையையும் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"ஏன் மூஞ்சிய அப்பிடி வச்சிருக்கிய?"

நான் வாந்தியைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். பிறகு என் காதைப் பிடித்து இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

"உள்ள நின்னு பாடுனேன். நோட்டீஸ்ல போட்டிருந்த பாட்டு. முழுசா."

மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். "குரல் வந்துச்சா?"

"யாருக்குத் தெரியும்? அந்தச் சத்தத்துல எனக்கே கேக்கல."

"தொண்டையில தெரியுமே. அதிர்ந்துச்சா, இல்லையா?"

"தலைல கல்லு விழுத மாதிரி தண்ணி விழுது. ஒடம்பே அதிருது. இதுல தொண்டைய எங்கன போயித் தேட?"

இங்கேயே ஒரு வரி பாடிப் பார் என்றேன். தலையை ஆட்டினாள். ஒரே ஒரு வரி, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றேன். ஒரு எழுத்தாவது, ஆ என்றாவது சொல் என்றேன். அவள் தோளைப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் தன் தோளைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் அந்த டீச்சரம்மா மாதிரியே பண்ணுதிய."

கையை எடுத்துவிட்டேன். எங்களை இடித்துக்கொண்டு ஒரு குடும்பம் போனது. உனக்குப் பயமே இல்லையா, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் என்ன செய்வோம் என்று ஒரு நாளாவது நினைத்தாயா என்று கேட்டேன். இதை மூன்று மாதமாகக் கேட்க நினைத்து, கேட்காமல், ஆரஞ்சையும் எண்ணெயையும் நோட்டீஸையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இருக்கு. ஏன் இருக்காது?" அவள் காற்று என் காதில் குளிர்ந்தது. "வந்த பொறவு சந்தோசப்படலாம்னு எடுத்து வச்சேன்னு வைங்க. வரலைன்னா அத என்ன செய்ய? குரல அவரு தரட்டும், தராம போகட்டும், அவரு பாத்துக்கிடுவாரு. எனக்கு இன்னைக்குத் தண்ணி நல்லா விழுந்துச்சு."

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, நரம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். என் மனைவி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பிறகு இருவரும் மிளகாய் பஜ்ஜி வேண்டும் என்றார்கள். கடையில் எண்ணெய் கறுத்து நுரைத்துக்கொண்டிருந்தது. சீசன் தொடங்கிய அன்று ஊற்றியது என்று சத்தியம் செய்யலாம். அவள் நின்றபடி தின்றாள், உதட்டை உறிஞ்சிக்கொண்டே. எனக்கும் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள். துப்ப இடம் இல்லாததால் விழுங்கினேன்.

என் அருவருப்பு அன்றைக்கு அருவியோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அந்தக் காறல் எண்ணெய், அந்தத் தடித்த எழுத்து, ஜெபமென்ற பெயரில் கடவுளுக்குக் கெடு வைக்கிற அந்தக் குரல்கள் எல்லாம் இன்றைக்கும் எனக்குச் சகிக்காதவைதான். ஆனால் அவர்கள் செய்ததையே நானும் வேறு முறையில் செய்துகொண்டிருந்தேன் என்று அங்கே தெரிந்தது. அவர்கள் அச்சடித்து நெருக்கினார்கள். நான் முகத்தைச் சுளித்து நெருக்கினேன். குரல் வந்தால்தான் உன்னை நம்புவேன் என்று கடவுளிடம் சொல்வதுதான் இரண்டுக்கும் பொருள். எங்கள் எல்லோரிலும் எதையும் நெருக்காமல் இருந்தவள், தொண்டை போனவள் ஒருத்திதான்.

இதை எழுதும்போது காலாண்டு விடுமுறை முடியப்போகிறது. வரும் புதன்கிழமை பள்ளி திறக்கிறது. குரல் வரவில்லை. மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு அடிபட்ட பக்கத்துக் குரல்நாண் லேசாக அசைவதுபோல இருக்கிறது என்றார், அசைகிறது என்று சொல்லவில்லை. புதன்கிழமை காலையில் தன்னை வந்து பார்க்கும்படி பள்ளித் தலைமையாசிரியை அவளிடம் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று தெரியாது. அவள் நீலச் சேலையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருக்கிறாள். நான் கூட வருகிறேன் என்றேன், கேட் வரைக்கும் வந்தால் போதும் என்றாள்.

நேற்று ஆராதனையில் அவள் பாடகர் குழுவில் இல்லாததால் என்னோடு கடைசி வரிசையில் நின்றாள். கீர்த்தனை தொடங்கியது. அவள் வாயசைத்தாள், சத்தம் இல்லை. நான் வழக்கம்போலப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். விலாவில் முழங்கை இடித்தது. குனிந்தேன்.

"பாடுங்க. எனக்கும் சேத்து."

எனக்குப் பாட்டு வராது, உனக்குத் தெரியும் என்றேன். மறுபடி இடித்தாள். பாடினேன். துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோன்ற ஒரு சத்தம், சுருதி ஓரிடம், நான் ஓரிடம். முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே சகிக்கவில்லை. பக்கத்தில் அவள் தோள்கள் குலுங்கின, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள். முதல் சரணத்தோடு நிறுத்தப்பார்த்தேன், அவள் விரல் புத்தகத்தில் இரண்டாவது சரணத்தைக் காட்டியது.